தாய்நாட்டுச் சந்தை

எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில், சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வரும் இடைவெளியில் ஒரு பகிடிக் கதை சொல்லப்படும். ஒஸ்லோவில் ஒரு தமிழ்ப் பிள்ளை தாய்லாந்தைத் தன்னுடைய தாய்நாடு என்று நினைத்ததாம். சொல்பவரும் சிரிப்பார், மேசையில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு, "எங்கட பிள்ளையளின்ர நிலைமையைப் பாத்தியளே" என்பார்.

சின்னவளே, போன மாதம் நீயும் அந்தக் கதையை எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, "அப்பா, அந்தப் பிள்ளை ஆர்?" என்று கேட்டாய். உன் அக்கா குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது நான்தான்" என்றாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கலியாண வீட்டுக் கதையில் சிரிப்பு வருகிற பாதி மட்டும்தான் இருக்கிறது. மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

அப்போது நாங்கள் ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் மாடி வீட்டில் இருந்தோம். நான் பஸ் கழுவுகிற கராஜில் வேலை செய்தேன். அக்கா இரண்டாம் வகுப்பு, நீ தள்ளுவண்டியில் படுத்திருந்த குழந்தை. வீட்டுக்குள் அக்கா நல்ல தமிழ் கதைப்பாள், வாய் ஓயாமல் கதைப்பாள். வாசற்கதவைத் தாண்டினால் அந்தத் தமிழ் எங்கே போகும் என்று தெரியாது. ரயிலில் நான் வாய் திறந்தால் உடனே உதட்டில் விரலை வைத்து, "ஹிஸ்" என்பாள். "அப்பா, மெல்லக் கதையுங்கோ. ஆக்கள் பாக்கினம்." நானும் குரலைத் தணித்துக்கொள்வேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கைகூப்பி வணக்கம் சொல்லப் பழக்கியிருந்தார்கள். வீட்டுக்கு வெளிக்கிடும்போது சப்பாத்தை மாட்டுகிற இடத்திலேயே அந்த வணக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு வருவாள்.

அந்த வருடம் ஊருக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தோம். கொஞ்சக் காலம் சண்டை ஓய்ந்திருந்தது. "தாய்நாட்டுக்குப் போறம், தாய்நாட்டுக்குப் போறம்" என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம் நிற்கிறது, அடியிலேயே காய்க்கும், ஏறாமலே பழம் பிடுங்கலாம் என்றும் சொல்லியிருந்தேன். லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துச் சண்டை திரும்பவும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

கராஜில் என்னோடு வேலை செய்த நோர்வேக்காரர், "அப்ப சீடனுக்குப் போ" என்றார். வெயில் அடிக்கிற ஊர்கள் எல்லாவற்றுக்கும் இவர்கள் வைத்திருக்கிற பெயர் அது, தெற்கு என்று கருத்து. சீடன் சரி, குரு எங்கே என்று எனக்குள் கேட்டுச் சிரித்துக்கொண்டேன். அவர் வருடா வருடம் போகிற இடம் தாய்லாந்து. போகிற வழி, நிற்கிற இடம் எல்லாம் சொல்லித் தந்தார்.

எங்கள் ஆட்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஊர் எரியும்போது உல்லாசப் பயணமோ என்று கேட்டார்கள். எரிகிறது என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் வருடம் முழுக்க ஐஸ் தண்ணியில் கை விறைக்க பஸ் கழுவுகிறவன் தன் பிள்ளைகளுக்கு ஒரு தரம் வெயிலைக் காட்டுவதற்கு யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்? நான் கேட்கவில்லை.

இராச் சாப்பாட்டு மேசையில், "சரி, அப்ப தாய்லாந்துக்குப் போவம்" என்றேன்.

அக்கா கோழிக்காலைக் கடித்துக்கொண்டு, "அதைத்தானே அப்பா முந்தியும் சொன்னனீங்கள்?" என்றாள்.

நானும் அம்மாவும் இருந்த கவலையில் அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால் பிள்ளையின் கணக்கு எவ்வளவு சரி என்று தெரிகிறது. நோர்வே மொழியில் லாண்ட் என்றால் நாடு. தாய் என்றால் தாய். தாய்லாண்ட் என்றால் தாய்நாடு. இரண்டு மொழி தெரிந்த பிள்ளை ஒரு மொழியிலிருந்து மற்றதற்கு மாற்றினாள். அவ்வளவுதான் நடந்தது.

பாங்கொக்கில் சனி, ஞாயிறுகளில் மட்டும் கூடுகிற ஒரு பெரிய சந்தை இருக்கிறது. போன முதல் சனிக்கிழமையே அங்கே போனோம். ரயிலை விட்டு இறங்கிப் படியில் கால் வைத்ததும், கேக் சுடுகிற அவண் கதவைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. கீழே தகரக் கூரை, தகரக் கூரை, கண்ணுக்கெட்டின மட்டும் தகரக் கூரை. உள்ளே போனால் ஒழுங்கைகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏற வேண்டும், அவ்வளவு ஒடுக்கம். உன் தள்ளுவண்டி காற்சட்டைக் கடைக்கும் கோப்பைக் கடைக்கும் நடுவில் இறுகிவிட்டது. கோப்பைக் கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே வந்து முன் சில்லைத் தூக்கிவிட்டாள். ஒருவன் சாக்குக்குள் ஐஸ் கட்டியைப் போட்டுப் பொல்லால் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் கருவாட்டு மணம், ஒரு பக்கம் உள்ளி பொரிகிற மணம், அதுக்குள் எங்கிருந்தோ ஊதுபத்தியும்.

"இஞ்சேருங்கோ, இந்தச் சனத்துக்குள்ள பிள்ளையைக் கையால விட்டிடாதேங்கோ" என்றாள் அம்மா.

விடுகிறதாவது. அக்கா என் விரல்களை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, ரயிலில் வருகிற மாதிரியே வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

ஒழுங்கை முடிகிற மூலையில் ஒரு பெண் பலகைக்கட்டையில் குந்தியிருந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். மல்லிகை மொட்டுகளை நீண்ட ஊசியில் ஒவ்வொன்றாகக் குத்தி, நடுவில் ஒரு செம்பூ வைத்துக் கோத்தாள். நான் சும்மா பகிடிக்கு, "பிள்ளை, அன்ரிக்கு வணக்கம் சொல்லு" என்றேன். அக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு தமிழ்ப் பள்ளியில் பழக்கினபடி இரண்டு கையையும் கூப்பி, வாய்க்குள்ளேயே "வணக்கம்" என்றாள்.

அந்தப் பெண் ஊசியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கிக் கூப்பி, தலையைக் குனிந்து, தன் பாசையில் என்னவோ சொன்னாள். சொல்லி முடித்த இடத்தில் "கா" என்று ஒரு இழுப்பு இழுத்தாள். அந்த நாட்டுப் பெண்கள் எல்லாரும் மரியாதைக்கு அப்படித்தான் முடிப்பார்களாம். எங்களுக்கு அப்போது அது தெரியாது.

அக்காவின் கண் பெரிதாகிவிட்டது. "அப்பா, என்னை அக்கா எண்டு சொல்லுறா! தங்கச்சி இருக்கிறது எப்பிடித் தெரியும்?"

"வண்டிக்குள்ள கண்டிருப்பா" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்தப் பெண் கட்டினதைத் தூக்கிக் காட்டி இன்னுமொரு சொல் சொன்னாள். அதற்குள் "மாலை" என்று ஒரு சத்தம் விழுந்தது. என் காதிலும் விழுந்தது, நான் கற்பனை பண்ணவில்லை.

அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. கடை கடையாகப் போய்க் கைகூப்பினாள். "வணக்கம், அன்ரி!" அடுத்த கடையில், "வணக்கம், மாமா!" போன இடமெல்லாம் அவர்கள் கையில் இருந்ததை வைத்துவிட்டுத் திருப்பிக் கைகூப்பினார்கள். குச்சியில் இறைச்சி சுட்டவன்கூட விசிறியைக் கமக்கட்டுக்குள் செருகிவிட்டுக் கூப்பினான். மாம்பழக்காரி துண்டு வெட்டிக் கொடுத்தாள். கடைசியில் அக்கா எங்களுக்கு முன்னால் ஓடி, சனத்துக்கு மேலால் கத்தினாள்.

"அப்பா! இஞ்சை வாங்கோ! இஞ்சை வந்து பாருங்கோ!"

சின்னவளே, உன் அக்கா வெளியிடத்தில் தமிழில் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அங்கே என்ன இருந்தது என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் குரல் ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு பெரிய குரல் அது. இதை வைத்துக்கொண்டா இவ்வளவு நாளும் "ஹிஸ்" சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன்.

பலாப்பழக் கடையில்தான் அவரைச் சந்தித்தோம். ஒஸ்லோவில் ஹவுகெட்டோப் பக்கம் இருக்கிற ஒருவர். என்னைவிட வயது குறைவு, படித்தவர். மேடை கிடைத்தால் தாய்நாட்டைப் பற்றி நல்ல தமிழில் பேசுவார். அவரும் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மகன்மார் இரண்டு பேரும் தங்களுக்குள் நோர்வே மொழியில் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன அண்ணை, நீங்களும் இஞ்சையோ! உலகம் உள்ளங்கைதான்" என்று முதுகில் தட்டினார்.

கடைக்காரன் றப்பர் கையுறை போட்டு, பழத்தைப் பிளந்து, சுளைகளைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு சுளை எடுத்தோம். நான் சாப்பிட்டுவிட்டு, "எங்கட மரத்துப் பழம் இதைவிட இனிப்பு" என்றேன். பழக்கத்தில் வந்த கதை.

அக்கா கொட்டையைத் துப்பிவிட்டுக் கேட்டாள். "அந்த மரம் எங்கை அப்பா? இதாலை நடந்து போகலாமோ?"

"எந்த மரம்?"

"உங்கட வீட்டு மரம். நாங்கள் இன்னும் உங்கட வீட்டுக்குப் போகேல்லைத்தானே."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அவருக்கு ஓடிவிட்டது. வாயிலிருந்த சுளையோடு சிரிக்கத் தொடங்கினார். "ஐயோ, அண்ணை! பிள்ளை இதைத் தாய்நாடு எண்டு நினைச்சிட்டுது! தாய்லாந்து, தாய்நாடு! இஞ்சாரும், இதைக் கேளும்!" என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். மகன்மாருக்கு நோர்வே மொழியில் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். கடைக்காரனும் என்னவென்று தெரியாமலே சிரித்தான்.

"நல்லாத்தான் வளர்த்திருக்கிறியள், அண்ணை. பிள்ளைக்குத் தாய்நாடு எது எண்டே தெரியேல்லை."

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

"ஏன் தம்பி தெரியாது? வணக்கம் எண்டு சொன்னா இஞ்சை கைகூப்புகினம். அக்கா எண்டுகினம். மாலை எண்டுகினம். பலாப்பழமும் விக்கினம். பிள்ளை வேற என்னத்தைப் பாத்துப் பிடிக்கிறது?"

"சரி அண்ணை, சரி. அதுக்காக இது உங்கட தாய்நாடு இல்லைத்தானே."

"ஓம், இல்லைத்தான். என்ர நாட்டுக்குப் போற பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். அதுக்கு நான் என்ர பிள்ளையின்ர வாயையும் பூட்டுறதோ?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சும்மா பகிடிக்குச் சொன்னனான், உடன சூடாகிறியள்" என்றார். மகன்மாரைக் கூட்டிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டார். போகும்போதும் அவர் தோள் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தால் அக்கா ஒரு கடைப் படியில் உன் வண்டியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். ஹோட்டலுக்குப் போவோம் என்றாள், நோர்வே மொழியில், மெதுவாக. நான் தமிழில் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் விரல் உதட்டுக்குப் போனது.

"ஹிஸ்."

அந்த மனிதர் சிரித்தது எனக்குச் சுடவில்லை. அந்த விரல் சுட்டது.

நானும் படியில் இருந்தேன். சந்தை இரைச்சலில் காதுக்குக் கிட்டவாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பிள்ளை, இது அப்பாவின்ர நாடு இல்லை. இது வேற ஆக்களின்ர நாடு. அப்பாவின்ர நாட்டுக்குப் போற பாதையைப் பூட்டிப்போட்டாங்கள்."

"ஆர் பூட்டினது?" அதைத் தமிழில்தான் கேட்டாள்.

"துவக்கு வைச்சிருக்கிற ஆக்கள்."

உன் வண்டிச் சில்லை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்ப ஏன் அந்த மாமா என்னைப் பாத்துச் சிரிச்சவர்? நானோ பூட்டினனான்?"

நான் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. எழும்பி, அவள் கையைப் பிடித்து, வந்த வழியே திரும்பவும் சந்தைக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

"எங்கை போறியள்? பிள்ளை களைச்சுப் போனாள்" என்றாள் அம்மா.

"மாலை வாங்க."

பூக்காரியின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினேன். வீட்டில் மாடிப் படியடியில் நின்று கூப்பிடுகிற குரலில் சொன்னேன். "வணக்கம் தங்கச்சி! என்ர மகளுக்கு ஒரு மாலை தாங்கோ. நல்லதாப் பாத்துத் தாங்கோ!" ஒழுங்கையில் நின்ற சனம் திரும்பியது. பார்க்கட்டும் என்று நின்றேன். பூக்காரி கைகூப்பி, தன் பாசையில் நாலு வசனம் சொல்லி, மொட்டு விரியாத ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தந்தாள். நான் தமிழில் கேட்டேன், அவள் தாய் மொழியில் சொன்னாள். ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை.

அங்கிருந்து வாசல் வரையும் தமிழில்தான் சந்தை செய்தேன். பாயின் விலையைத் தமிழில் கேட்டேன், இளநீரைத் தமிழில் வெட்டச் சொன்னேன். அம்மா முதலில், "உங்களுக்கு வெயில் ஏறீட்டுது" என்றாள். பிறகு சட்டிக் கடையில் அவளே தொடங்கிவிட்டாள். "இந்தச் சின்னச் சட்டிக்கோ இவ்வளவு? போங்கோ, அங்காலை மலிவாக் கிடக்கு!" கடைக்காரி கணக்கு மெசினைத் தட்டித் தட்டிக் காட்ட, அம்மா தலையை ஆட்டி ஆட்டி மறுக்க, கடைசியில் சட்டி எங்களோடு வந்தது. இன்னும் நாங்கள் மீன் குழம்பு வைக்கிறது அதில்தான்.

ஆனால் அக்கா வாய் திறக்கவில்லை. மாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். மிச்ச நாட்களிலும் கடற்கரையில், பஸ்ஸில், ஹோட்டலில் எல்லாம் மெதுவாக நோர்வே மொழிதான். அந்தச் சந்தையில் கேட்ட குரலை நான் எங்கோ தொலைத்துவிட்டு வருகிறேன் என்றே நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

எங்களுக்கு முதலே கதை ஒஸ்லோவில் இறங்கியிருந்தது. வந்த கிழமையே குறொன்லாண்டில் தமிழ்ச் சாமான் கடைக்குப் போனோம். நீயும் அம்மாவும் வீட்டில், நானும் அக்காவும் மட்டும். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, எங்களைத் தெரிந்த ஒரு பெண், இரண்டு கையிலும் பைகளோடு வந்து குனிந்து அக்காவைப் பார்த்தாள்.

"இதுவோ அந்தத் தாய்லாந்து அம்மா?"

கடைக்குள் நின்றவர்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் வாயெடுக்க முதல் அக்கா என் கையை விட்டாள். முருங்கைக்காய்ப் பையை நிலத்தில் வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"வணக்கம், அன்ரி."

"பாருங்கோவன், பகிடியை!" என்று அந்தப் பெண் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா கூப்பின கையை இறக்கவில்லை. அப்படியே நின்று காத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"அங்கை நான் வணக்கம் சொன்னா எல்லாரும் திருப்பிச் சொல்லுவினம், அன்ரி. கையில இருக்கிறதை வைச்சிட்டுச் சொல்லுவினம்" என்றாள் அக்கா. "நீங்கள் சொல்லேல்லை."

சந்தையில் கேட்ட அதே குரல். கடை முழுக்கக் கேட்டது.

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மாடி, என்ன வாய் இது! வாய்க்காரி!" என்று என்னைப் பார்த்தாள், நான் பிள்ளையை அதட்டுவேன் என்று.

"ஓம்," என்றேன். "வாய் இருக்கு."

அவள் கடைசி வரைக்கும் கைகூப்பவில்லை. கூப்பாவிட்டால் போகட்டும். நாங்கள் முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டு வெளியே வந்தோம். அக்கா கலியாண வீடுகளில் இன்றைக்கும் யாரைக் கண்டாலும் கைகூப்பிவிட்டுத் திருப்பிச் சொல்லும் வரை நிற்பாள் என்பதை நீயும் கண்டிருப்பாய். சிலர் அதற்குப் பயந்து அங்காலே விலகிப் போவார்கள். அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள்தான் கூடுதலாக விலகுவார்கள்.

அன்று மத்திய நிலையத்தில் வீட்டுக்கு ரயில் எடுத்தோம். சனிக்கிழமைச் சனம். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு ஏற, அக்கா எனக்கு முன்னால் பூந்து உள்ளே ஓடிவிட்டாள். யாரும் கதைக்காத அந்தப் பெட்டியின் மறுமுனையில் ஒரு இருக்கையில் ஏறி முழங்காலில் நின்றுகொண்டு, எல்லார் தலைக்கும் மேலால் கத்தினாள்.

"அப்பா! இஞ்சை வாங்கோ! இஞ்சை இடம் இருக்கு!"

பெட்டியில் இருந்த முழுப்பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான், "ஓம், வாறன், வாறன்!" என்று அதைவிடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு, முருங்கைக்காய் எல்லாரிலும் முட்ட முட்ட நடந்து போனேன்.